'ஐ7' ஸ்டிக்கரை நம்பாதீர்கள்: பழைய மடிக்கணினியின் பிராசசரைக் கண்டறிந்து ஒப்பிடும் முறை

2021இல், கல்லூரி வகுப்புகள் எல்லாம் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்த காலத்தில், என் தங்கைக்காகப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கினோம். காசிமேட்டு மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சங்கராவைக்கூடக் கூடையில் போடவிடாத எங்கள் அம்மா, அன்று விசைப்பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த 'கோர் ஐ7' ஸ்டிக்கரைப் பார்த்ததும் சரி என்று தலையசைத்துவிட்டார். நானும் அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்த பிறகுதான் அது ஐ7-5600யு என்று தெரிந்தது. 5ஆம் தலைமுறையைச் சேர்ந்த, இரண்டே கோர் (தனித்தனியாக வேலை செய்யும் கணிப்புப் பகுதி) கொண்ட பிராசசர் (மடிக்கணினியின் மூளை) அது. இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள் என்பதாலும், ஐ7ஐ விட ஐ5 சிறியதுதானே என்ற எண்ணத்தாலும் நாங்கள் ஒதுக்கிவிட்டு வந்த இன்னொரு மடிக்கணினியில் ஐ5-8250யு இருந்தது. அதில் நான்கு கோர்கள் உண்டு. கடைக்காரர் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்க வேண்டியதை நாங்கள்தான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் சென்னையின் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும் முன்போ, கடையில் நின்றுகொண்டோ, "அண்ணா, இது எடுக்கலாமா?" என்று கேட்டுப் படம் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அனுப்பப்படும் படம் பெரும்பாலும் அந்த ஸ்டிக்கரின் படமாகவே இருக்கிறது. முழு எண் தெரியாமல் எந்தப் பதிலும் சொல்ல முடியாது என்பதால், அந்த எண்ணை எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது, இரண்டை எப்படி ஒப்பிடுவது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முழு எண்ணை எங்கே பார்ப்பது

ஸ்டிக்கரில் இருப்பது குடும்பப் பெயர் மட்டுமே. ஐ5 என்ற பெயரில் 2009 முதல் பத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் வந்துவிட்டன. அவற்றில் பழையதற்கும் புதியதற்கும் வேகத்தில் பல மடங்கு வேறுபாடு உண்டு. அதோடு, மேல்மூடியோ விசைப்பலகைப் பகுதியோ மாற்றப்பட்ட மடிக்கணினியில் வேறொரு மடிக்கணினியின் ஸ்டிக்கர் இருக்கலாம். புதிய ஸ்டிக்கரைத் தனியாக வாங்கி ஒட்டவும் முடியும்.

எனவே மடிக்கணினியை இயக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் திறந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று சிபியு என்பதைத் தேர்ந்தெடுத்தால், வலப்பக்க மேல்மூலையில் பிராசசரின் முழுப் பெயரும், கீழே அடிப்படை வேகம், கோர்களின் எண்ணிக்கை, லாஜிக்கல் பிராசசர்களின் (ஒரே நேரத்தில் ஏற்கும் வேலைகளின்) எண்ணிக்கை, எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவகம்) அளவு ஆகியவையும் ஒரே பக்கத்தில் தெரியும். நேரில் போக முடியாமல் வாட்ஸ்அப்பில் பேரம் பேசுகிறவர்கள் வேறெதையும் கேட்கும் முன் இந்த ஒரு பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிற விற்பனையாளரிடம் மேலும் பேச வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து.

விண்டோஸ் காட்டும் பெயர் மட்டும் போதுமா என்றால், போதாது. அது விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்துக் காட்டப்படும் எழுத்து. அதை மாற்றி எழுத வழி உண்டு. அதனால் பெயரையும் கீழே உள்ள எண்களையும் பொருத்திப் பாருங்கள். மேலே ஐ5-8250யு என்று இருந்தால், கீழே 4 கோர், 8 லாஜிக்கல் பிராசசர், 6 எம்பி எல்3 கேஷ் என்றுதான் இருக்க வேண்டும். 2 கோர், 4 லாஜிக்கல் பிராசசர், 3 எம்பி என்று இருந்தால் பெயரில் ஏதோ கைவரிசை நடந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் மடிக்கணினியை அணைத்து, மீண்டும் இயக்கும்போது பயோஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். பொதுவாக டெல் மடிக்கணினிகளில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவோ திங்க்பேடில் எஃப்1 விசை அங்கே கொண்டுபோகும். பயோஸ் தன் பக்கத்தில் காட்டும் பெயருக்கும் விண்டோஸுக்கும் தொடர்பில்லை. பயோஸைத் திறக்கும்போதே அதற்குக் கடவுச்சொல் கேட்கிறதா என்பதும் தெரிந்துவிடும். முன்பு பயன்படுத்திய நிறுவனம் பூட்டிய பயோஸைத் திறந்து தராத மடிக்கணினியை வாங்க வேண்டாம்.

டெல் மடிக்கணினியாக இருந்தால் இன்னொரு எளிய வழியும் உண்டு. அடிப்பாகத்தில் சர்வீஸ் டேக் என்ற ஏழு எழுத்துக் குறியீடு இருக்கும். அதை அந்நிறுவனத்தின் உதவித் தளத்தில் இட்டால், தொழிற்சாலையிலிருந்து அந்த மடிக்கணினி எந்தெந்த உறுப்புகளுடன் வெளியே வந்தது என்ற பட்டியல் கிடைக்கும். அடிப்பாகத்தில் உள்ள டேக்கும் பயோஸில் தெரியும் டேக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் அடிமூடியோ மதர்போர்டோ (உறுப்புகளைத் தாங்கும் முதன்மைப் பலகை) மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், காரணத்தைக் கேளுங்கள்.

மாடல் பெயரை வைத்துத் தலைமுறையை முடிவு செய்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். திங்க்பேட் டி480, டெல் லேட்டிடியூட் 7490 போன்ற, நம் சந்தையில் நிறையக் கிடைக்கும் மாடல்கள் 7ஆம் தலைமுறை, 8ஆம் தலைமுறை ஆகிய இரண்டு வகைப் பிராசசர்களுடனும் விற்கப்பட்டவை. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

இன்டெல் எண்ணைப் படிக்கும் முறை

ஐ5-8250யு என்பதில் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கம் தலைமுறை. 8 என்றால் 8ஆம் தலைமுறை. கடையில் இதைத்தான் 'எய்ட்த் ஜென்' என்பார்கள். 10ஆம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஐ5-10210யு 10ஆம் தலைமுறை, ஐ5-1135ஜி7 11ஆம் தலைமுறை, ஐ5-1235யு 12ஆம் தலைமுறை. நான்கு இலக்க எண் 1இல் தொடங்கினால் அதை முதலாம் தலைமுறை என்று எண்ணிப் பயந்துவிட வேண்டாம்.

இந்த வரிசையில் மிகப் பெரிய தாவல் 7க்கும் 8க்கும் இடையில் நடந்தது. 7ஆம் தலைமுறை வரை 'யு' என்று முடியும் ஐ5, ஐ7 இரண்டிலும் இரண்டு கோர்கள்தான். 2017 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 8ஆம் தலைமுறை யு வரிசையில், அதே 15 வாட் மின்சார அளவுக்குள் ஐ5, ஐ7 இரண்டுக்கும் நான்கு கோர்கள் கிடைத்தன. அதனால்தான் ஐ7-7500யு, ஐ5-8250யு இரண்டும் முன்னால் இருந்தால் நான் தயங்காமல் இரண்டாவதை எடுக்கச் சொல்கிறேன். அதே 8ஆம் தலைமுறைக்குள் ஐ5-8250யுக்கும் ஐ7-8550யுக்கும் கோர் எண்ணிக்கை ஒன்றே. வேகத்திலும் கேஷிலும் சிறு வேறுபாடு மட்டுமே உண்டு. அந்த ஐ7க்காக நாலாயிரம் ஐயாயிரம் கூடக் கொடுப்பதற்குப் பதில், அந்தப் பணத்தில் ரேமைக் (தற்காலிக நினைவகத்தை) கூட்டிக்கொள்வது நல்லது.

கடைசியில் வரும் எழுத்து, தலைமுறைக்கு இணையாக முக்கியமானது. யு என்பது மின்சாரம் குறைவாக எடுத்துக்கொள்ளும் வகை. ஹெச், ஹெச்க்யு என்பவை பெரும்பாலும் 45 வாட் வரை எடுக்கும் வலுவான வகை. கேமிங் மடிக்கணினிகளிலும் பொறியாளர்களுக்கான வொர்க்ஸ்டேஷன்களிலும் இருக்கும். 4ஆம் தலைமுறை ஐ7களில் எம் என்று மட்டும் முடிந்தால் இரண்டு கோர், எம்க்யு என்று முடிந்தால் நான்கு கோர். ஒய் என்ற எழுத்தைக் கண்டால் மட்டும் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அது மிக மெல்லிய மடிக்கணினிகளுக்கான, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை. 2018ஆம் ஆண்டு மேக்புக் ஏரில் இருப்பது ஐ5-8210ஒய். அது 8ஆம் தலைமுறை ஐ5தான், ஆனால் கோர்கள் இரண்டே. ஆப்பிள் தன் திரையில் 'டூயல் கோர் இன்டெல் கோர் ஐ5' என்று மட்டும் காட்டி எண்ணைச் சொல்லாமல் விட்டுவிடும் என்பதால், மேக் வாங்குகிறவர்கள் மாடல் ஆண்டை வைத்து எண்ணைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இதே போன்ற பொறிகள் ஐ3 வரிசையிலும் உள்ளன. ஐ3-8130யு 8ஆம் தலைமுறையாக இருந்தும் இரண்டு கோர்; ஐ3-1115ஜி4 11ஆம் தலைமுறையாக இருந்தும் இரண்டு கோர். ஆனால் 11ஆம் தலைமுறையின் ஒவ்வொரு கோரும் பழையதை விட வேகமானது என்பதால், இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 12ஆம் தலைமுறையில் கணக்கு இன்னும் மாறுகிறது. ஐ5-1235யுவில் பத்துக் கோர்கள் என்று எழுதியிருக்கும். அவற்றில் இரண்டு மட்டுமே பெரிய கோர்கள், எட்டு சிறியவை. எனவே 12ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தைய பிராசசர்களிலும் கோர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இன்டெலின் மலிவு வரிசைகளான செலரான், பென்டியம் ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. செலரான் என்4020 போன்ற ஒன்று இரண்டு கோர், இரண்டு லாஜிக்கல் பிராசசர்களுடன் வருகிறது. பளபளப்பான, வாங்கி ஓராண்டே ஆன மடிக்கணினியில் இது இருந்தாலும், பல ஆண்டு பழைய ஐ5-8350யு உள்ள லேட்டிடியூட் வேகத்தில் இதை விட மேலானது. புதிதாகத் தெரிகிறதே என்று அப்பாக்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஏஎம்டி எண்ணைப் படிக்கும் முறை

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் என்ற பெயர் மடிக்கணினிகளில் 2017ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது. அதற்கு முந்தைய வடிவமைப்பில் வந்த ஏ4, ஏ6, ஏ9 வரிசைகளில் எண்கள் பெரிதாகத் தெரியும். ஏ9-9425 என்பதில் 9 இருக்கிறதே என்று 9ஆம் தலைமுறை இன்டெலுடன் ஒப்பிட்டுவிடக் கூடாது. அது இரண்டு கோர் கொண்ட பழைய வடிவமைப்பு. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மாணவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

ரைசனில் நல்ல செய்தியும் குழப்பமும் சேர்ந்தே இருக்கின்றன. 2020இல் வந்த ரைசன் 5 4500யுவில் ஆறு கோர்கள் உண்டு. பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைத்தால் அது அருமையான தேர்வு. அடுத்த 5000 வரிசையில் 5500யு, 5600யு என்ற இரண்டும் ஆறு கோர் கொண்டவையே. ஆனால் 5500யு முந்தைய ஜென் 2 (Zen 2; தலைமுறையைக் குறிக்கும் 'ஜென்' அல்ல) வடிவமைப்பையும், 5600யு புதிய ஜென் 3 வடிவமைப்பையும் கொண்டது. 2023ஆம் ஆண்டுக்கான 7000 எண்களில் முதல் இலக்கம் ஆண்டை மட்டுமே குறிக்கும். வடிவமைப்பைக் காட்டுவது மூன்றாவது இலக்கம். அதனால் 7520யு என்பது 2 என்ற மூன்றாம் இலக்கத்தால் ஜென் 2, 7530யு ஜென் 3, 7840யு ஜென் 4. ரைசன் 5 7520யு நான்கு கோர் மட்டுமே கொண்டது என்பதால், எண்ணில் சிறியதான 5600யு அதை விட வலுவானது. இந்த ஒரு விஷயத்தை அறிந்திருந்தால் ஏஎம்டி வாங்கும்போது ஏமாற வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

விண்டோஸ் 11 போடும் கோடு

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்கள் என்று அந்நிறுவனம் வெளியிட்டுள்ள பட்டியல், இன்டெலில் மிகச் சில விலக்குகள் தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஏஎம்டியில் ரைசன் 5 3500யு அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கு முந்தையதாக இருந்தால் பட்டியலை எடுத்து எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள். 6ஆம், 7ஆம் தலைமுறை மடிக்கணினிகள் மலிவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடையில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு இது புதிய தலைமுறைதான் என்று முடிவு செய்யாதீர்கள். நிறுவும்போது நடக்கும் தகுதிச் சோதனையைத் தாண்டி 6ஆம் தலைமுறையிலும் அதை நிறுவ முடியும்; பின்னாளில் வரும் பெரிய புதுப்பிப்புகள் அதில் ஏறாமல் போகும்போது சிரமம் உங்களுடையது. மறுபுறம், பட்டியலில் இருப்பதாலேயே ஒரு பிராசசர் வலுவானது என்றும் ஆகிவிடாது. மேலே சொன்ன செலரான் என்4020 பட்டியலில் இருக்கிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் பயன்படுத்தத் தயாராக இருக்கும் மாணவருக்கு 6ஆம் தலைமுறை ஐ5, எஸ்எஸ்டியுடன் (வேகமான சேமிப்பகம்), மிகக் குறைந்த விலையில் கிடைத்தால் எடுக்கலாம்.

இரண்டை ஒப்பிடுவது

இரண்டு முழு எண்களும் கையில் வந்த பிறகு, பலரும் முதலில் பார்ப்பது கிகாஹெர்ட்ஸ். இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். ஐ5-7200யுவின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், ஐ5-8250யுவின் அடிப்படை வேகம் 1.6 தான். இதை மட்டும் பார்த்துவிட்டு 7200யு வேகமானது என்று வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 8250யு தேவைப்படும்போது 3.4 வரை ஏறும், கோர்களும் இரண்டு மடங்கு. ஒரே தலைமுறைக்குள், ஒரே எழுத்தில் முடியும் எண்களுக்கு இடையே மட்டும் கிகாஹெர்ட்ஸை ஒப்பிடுங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் பாஸ்மார்க், கீக்பெஞ்ச், சினிபெஞ்ச் போன்ற சோதனைகளின் மதிப்பெண்களைப் பாருங்கள். இரண்டு எண்களையும் சேர்த்துத் தேடினாலே ஒப்பீடு வந்துவிடும். அதில் ஒற்றைக் கோர் மதிப்பெண், எல்லாக் கோர்களின் மதிப்பெண் என்று இரண்டு இருக்கும். வேர்டு, பிரவுசர், கூகுள் மீட் என்று இருப்பவருக்கு ஒற்றைக் கோர் மதிப்பெண் கூடுதலாகப் பொருந்தும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, வீடியோ எடிட்டிங் என்று போகிறவருக்கு எல்லாக் கோர்களின் மதிப்பெண்தான் கணக்கு. பத்து விழுக்காட்டுக்குள் உள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த அளவு வேறுபாடு ஒரே பிராசசர் கொண்ட இரண்டு மடிக்கணினிகளுக்கு இடையிலேயே, விசிறியின் தரத்தாலும் ஹீட்சிங்க்கின் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி) நிலையாலும் வந்துவிடும்.

அதனால் கடையில் நின்று ஒரு பத்து நிமிடம் சோதிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். நான் செய்வது இதுதான்: டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரவுசரில் நான்கைந்து வீடியோக்களை உயர்ந்த தரத்தில் ஒரே நேரத்தில் ஓட விடுகிறேன். 'ஸ்பீடு' என்ற இடத்தில் தெரியும் எண் முதல் சில விநாடிகளில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறிப் பின்னர் 2க்குப் பக்கத்தில் நின்றால், யு வகைக்கு அது இயல்பு. பயன்பாடு நூறு விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே 1க்கும் கீழே விழுந்து அங்கேயே கிடந்தால், விசிறியில் தூசு அடைத்திருக்கலாம், பிராசசரின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது அடாப்டர் பொருத்தமில்லாததாக இருக்கலாம். சில மடிக்கணினிகள் தமக்குரிய அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் பிராசசரின் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். வேறு அடாப்டரைப் போட்டு மீண்டும் பாருங்கள். கடையில் குளிர்சாதனம் ஓடும். தண்டையார்பேட்டையில் மே மாதத்து மாடி அறை அப்படி இருக்காது என்பதை மனத்தில் வைத்து மதிப்பிடுங்கள்.

இந்த அளவு கவனத்தைப் பிராசசரில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரேம் பல மாடல்களில் கூட்டக்கூடியது, எஸ்எஸ்டி மாற்றக்கூடியது, பேட்டரியும் மாற்றக்கூடியது. ஆனால் இன்டெலில் 5ஆம் தலைமுறை முதல் மடிக்கணினிப் பிராசசர்கள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருகின்றன. வாங்கிய பிறகு அதை மாற்ற வேண்டுமென்றால் போர்டையே மாற்ற வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் பி.காம். சேர்ந்த ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் மெட்ரோவில் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். போகும் முன் அவளிடம் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்: 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல், யு எழுத்து, டாஸ்க் மேனேஜரில் 4 கோர். முதல் கடையில் காட்டிய 'ஐ7' 6ஆம் தலைமுறை என்று அவளே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். மூன்றாவது கடையில் ஐ5-8365யு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியுடன் ஒரு லேட்டிடியூட் கிடைத்தது. அவளுக்கு டேலியும் எக்செலும் ஓட அது தாராளம். பில் போடும்போது கடைக்காரர் வழக்கம்போல 'ஐ5 லேப்டாப்' என்று எழுதியிருக்கிறார். அவள் முழு எண்ணையும், சர்வீஸ் டேக்கையும், எத்தனை நாள் வாரண்டி என்பதையும் அதே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நீங்களும் அப்படியே கேளுங்கள். பில்லில் முழு எண் இருந்தால், பெட்டியைத் திறந்து வேறொன்று இருப்பதாகத் தெரியும்போது திரும்பிப் போய்ப் பேச ஆதாரம் இருக்கும்.